இரண்டு இட்லி இருக்கட்டும், முறுக்கு டப்பா எங்கே இருக்கிறது?

கேள்வி இது: "அம்மாவுக்கு 54 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னால் எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்தோம். 104 கிலோவில் இருந்தவர் இப்போது 83. முதல் மாதம் அரை இட்லிக்கே 'போதும்' என்றார். இப்போது இரண்டு இட்லி சாப்பிடுகிறார். வயிறு திரும்பப் பெரிதாகிவிட்டதா? போன மாதம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு, பந்தியிலிருந்து எழுந்ததும் வாந்தி. ஆனால் சாயங்காலம் காபியோடு முறுக்கு, மிக்சர் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று வீட்டுக் கணக்கில் சொல்லுங்கள். அடுத்த வாரம் தங்கைக்கு வளைகாப்பு. ஆபரேஷன் நடந்தது சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது."

நான் டயட்டீஷியன். எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கு சொல்வதுதான் பல வருஷமாக என் வேலை. முதலில் உங்கள் பயத்துக்குப் பதில்: ஐந்தாம் மாதம் இரண்டு இட்லி போவது சரியான அளவுதான். வயிறு பெரிதாகிவிடவில்லை. நீங்கள் "ஒன்றும் செய்வதில்லை" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த முறுக்கு பற்றித்தான் எனக்குக் கவலை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆபரேஷனில் என்ன நடந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். சாதாரணமாக நம் இரைப்பை நன்றாக நிறைந்தால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை பிடிக்கும். ஸ்லீவில் அதில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய், 100 முதல் 150 மி.லி. கொள்ளும். முதல் சில வாரங்கள் தையல் போட்ட இடம் முழுக்க வீங்கியிருக்கும், அதனால் அந்தக் குழாய்க்குள்ளும் பாதி இடம்தான் கிடைக்கும். அரை இட்லிக்கே போதும் என்றது அந்த வீக்கத்தால். இப்போது வீக்கம் வடிந்திருக்கிறது, குழாய் தன் உண்மையான அளவுக்கு வந்திருக்கிறது. ஒரு வருஷம் ஆகும்போது இன்னும் கொஞ்சம் இளகி ஒரு கப், ஒன்றேகால் கப் வரை கூடப் போகும். அதுவும் எதிர்பார்த்ததுதான்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. வெட்டி எடுத்த பகுதியில் இரைப்பையின் மேல் வளைவும் சேர்த்தி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது அது. அந்த இடம் போனதால்தான் முதல் மாதங்களில் உங்கள் அம்மா பசியே இல்லை, சாப்பிடவே மறந்துபோகிறது என்று சொல்லியிருப்பார். அந்தப் பசி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பலருக்கும் மெல்ல மெல்லத் திரும்பி வரும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அழுதுகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. தோற்கவில்லை. முதல் வருஷம் வயிறே 'நிறுத்து' என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குரல் சன்னமாகிவிடும். அதற்குள் கையும் கண்ணும் அளவு பழகியிருக்க வேண்டும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

வீட்டுக் கணக்கு கேட்டீர்கள். உங்கள் வீட்டில் அரிசி அளக்கும் பழைய ஆழாக்கு இருக்கிறதா? ஒரு ஆழாக்கு 168 மி.லி. உங்கள் அம்மாவின் இன்றைய ஒரு வேளைச் சாப்பாடு, காய், பருப்பு, சாதம் எல்லாம் சேர்த்து, அந்த ஆழாக்கில் தலை தட்டி அளந்தால் எவ்வளவோ அவ்வளவு. சில நாள் கொஞ்சம் குறையும், சில நாள் ஒரு கரண்டி கூடும், பரவாயில்லை. ஆழாக்கு இல்லாத வீட்டில் காபி டபராவைச் சொல்வேன், ஆனால் டபரா வீட்டுக்கு வீடு மாறும். ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் தராசு வைத்து நிறுக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது. பத்து நாள் அளந்தால் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் மாதம் ஒருமுறை, கண் ஏமாற்றுகிறதா என்று சரிபார்த்தால் போதும்.

சின்னத் தட்டு வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஆழாக்கில் என்ன இருக்கிறது, எது முதலில் வாய்க்குப் போகிறது என்பது தட்டின் அளவைவிட முக்கியம். நம் தட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் சாதம் மலையாக, அதன் மேல் சாம்பார், ஓரத்தில் ஊறுகாய்க்கு அக்காவாகக் கொஞ்சம் பொரியல். முதல் வாயிலேயே சாதம். பழைய வயிற்றுக்கு இது சரி, சாதமும் போகும், பிறகு பொரியலும் முட்டையும் போகும். இந்த வயிற்றில் சாதம் முதலில் போனால் கதவு மூடிவிடும். முட்டை தட்டிலேயே இருக்கும். அதனால் வரிசையைத் திருப்புங்கள். முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டிப் பருப்பு, சுண்டல், இதில் அன்றைக்கு எதுவோ அது. இரண்டாவது காய். இடம் இருந்தால் கடைசியில் இரண்டு மூன்று ஸ்பூன் சாதம். இல்லாவிட்டால் அந்த வேளை சாதம் கிடையாது. "சாதம் சாப்பிடாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை" என்று அம்மா சொல்வார். எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள். அந்த இரண்டு ஸ்பூனைக் கடைசியில் கொடுத்தால் மனசும் அடங்கும்.

ஏன் இந்த வரிசை என்றால், ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். எடை மெஷினில் எண் இறங்கும், சந்தோஷமாக இருக்கும், ஆனால் மாடிப்படி ஏறும்போது கால் நடுங்கும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான் புரோட்டீன். ஒரு முட்டையில் 6. "சாம்பாரில்தான் பருப்பு இருக்கிறதே" என்பது நான் தினமும் கேட்கும் வாதம். நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு 2, 3 கிராம் தேறினால் பெரிய விஷயம். பருப்பு வேண்டுமென்றால் கூட்டாக, கெட்டியாக, ஸ்பூனில் எடுத்தால் நிற்கிற மாதிரி செய்யுங்கள்.

ஒரு நாள் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். காலையில் முட்டை இரண்டு, பொடிமாஸாகவோ ஆம்லெட்டாகவோ: 12 கிராம். கூட ஒரு இட்லி, முடிந்தால். பதினொரு மணிக்கு 150 மி.லி. பாலில் மருத்துவமனையில் சொன்ன புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப்: பாலும் சேர்த்து 25. மதியம் குழம்பு மீன் ஒரு நல்ல துண்டு, முள் நீக்கி 75 கிராம்: 15. கொஞ்சம் பூசணிக்காய்க் கூட்டு, சாதம் இரண்டு ஸ்பூன். நாலரைக்கு அரை கப்புக்கும் குறைவாக, நன்றாக வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல்: 5. இரவு பனீர் 50 கிராம் புர்ஜியாக, ஒரு சின்னத் தோசை: 11. கூட்டிப் பாருங்கள், 68 வரும். சைவம் என்றால் முட்டையும் மீனும் போய்விடும், அந்த இடத்தில் பனீர், கெட்டித் தயிர், சோயா, பாசிப்பருப்புத் தோசை என்று நிரப்ப வேண்டும். சைவர்களுக்கு அந்த பவுடர் இல்லாமல் கணக்கு நேர்வது முதல் ஆறு மாதம் கஷ்டம். இதை நான் ஒளித்துப் பேசுவதில்லை.

சரி, கல்யாண வீட்டு வாந்திக்கு வருவோம். உங்கள் அம்மா அன்றைக்கு அளவு மீறிச் சாப்பிட்டிருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தியில் என்ன நடக்கும்? உட்கார்ந்ததும் இனிப்பு. அடுத்து பொரியல், கூட்டு, அப்பளம், வடை, சாதம் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் இலையில் விழுந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள். பின்னால் அடுத்த பந்திக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். பத்து, பன்னிரண்டு நிமிஷத்தில் வரிசையே எழுந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு வீட்டில் அரை மணி நேரம் எடுக்கும் சாப்பாடு பத்து நிமிஷத்தில் போயிருக்கிறது, நடுவில் விக்கிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்திருப்பார். அளவு அதே ஆழாக்காகவே இருந்திருக்கலாம். வேகம்தான் வாந்தி எடுக்க வைத்தது.

இந்தக் குழாய்க்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிஷம் தேவை. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் என்பதால் "சின்ன ஸ்பூனில் சாப்பிடுங்கள்" என்ற அறிவுரை பாதிப் பேருக்கு ஒத்துவராது. ஸ்பூனில் சாப்பிட்டால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்பார்கள். கையாலேயே சாப்பிடட்டும். ஆனால் வழக்கமாகப் பிடிக்கும் உருண்டை வேண்டாம், விரல் நுனியில் ஒரு ஊறவைத்த கொண்டைக்கடலை அளவுக்கு எடுக்கட்டும். வாயில் போட்டதும் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு மென்று கூழாக்கி, விழுங்கி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் அடுத்தது. நம்மில் பலருக்கு வாயில் இருப்பதை மெல்லும்போதே கை அடுத்த உருண்டையைப் பிசைந்து தயாராக வைத்திருக்கும். இன்றைக்கு உங்கள் கையையே கவனித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். அந்தப் பிசைதலை நிறுத்தினாலே பாதி வேகம் குறைந்துவிடும்.

நிறைந்துவிட்டது என்பதைப் புதிய வயிறு வேறு பாஷையில் சொல்லும். பழைய மாதிரி 'வயிறு முட்ட' என்ற உணர்ச்சி வராது. சிலருக்கு விக்கல் வரும். சிலருக்குத் திடீரென்று மூக்கு ஒழுகும், தும்மல் வரும், தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு வரும். நெஞ்சுக் குழிக்குக் கொஞ்சம் மேலே ஒரு அழுத்தம் பலருக்கும் வரும். உங்கள் அம்மாவுக்கு எது வருகிறது என்று ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவருக்கே தெரிந்திருக்காது. அந்த அறிகுறிக்குப் பிறகு ஒரு வாய் கூட வேண்டாம். "இலையில் இருப்பது இன்னும் ஒரே வாய்தானே" என்கிற அந்த ஒரு வாய்தான் மற்ற எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரும். சில சமயம் வாந்தி வராது, நுரை நுரையாக எச்சில் மட்டும் ஊறி வந்துகொண்டே இருக்கும். உணவு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது தண்ணீர் ஊற்றி அதைத் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து மெதுவாக நடக்கட்டும். அது சரியான பிறகு அன்றைக்கு மீதி நேரம் கஞ்சி, மோர், சூப் என்று நீர் ஆகாரத்தில் இருந்துவிட்டு மறுநாள் மெதுவாகக் கெட்டிக்கு வரலாம்.

மாட்டிக்கொள்ளும் பொருட்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லோர் பட்டியலிலும் வருபவை சில உண்டு: பரோட்டா, பிரட், வறண்ட கோழித் துண்டு, உருண்டை பிடித்த சாதம், தேங்காய்ச் சில்லு, வாழைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை, கமலா ஆரஞ்சின் வெள்ளைத் தோல். கோழியைக் குழம்பில் வைத்து, பிய்த்துப் போட்டுக் கொடுங்கள். வறுவல் வேண்டாம். பரோட்டாவை ஒரு வருஷத்துக்கு மறந்துவிடலாம். அதற்குப் பிறகும் மறந்தே இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

தண்ணீர். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள். இதற்கு எளிய காரணம், அங்கே இரண்டுக்கும் இடம் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு குடிக்காதே என்று சொன்னதும் பலர் நாள் முழுக்கவே குடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு மலச்சிக்கல், தலைசுற்றல், கடுத்த மூத்திரம். குறைந்தது ஒன்றரை லிட்டர் போக வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலை கண்ணில் படும் இடத்தில் வைத்து, இடைப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு மடக்காக. நீர்மோர் நல்லது. சோடா, கோலா வேண்டாம், கேஸ் உப்பி வலிக்கும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் ரசம் சாதம். எழுதிக்கொடுக்கும் பொதுவான அட்டவணைகளில் அது எங்கேயும் வராது. குழைந்த சாதத்தில் ரசத்தை ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டால் அது ஏறக்குறைய ஒரு பானம். வயிற்றில் தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆழாக்கு அளவெல்லாம் அதற்குச் செல்லாது, இரண்டு ஆழாக்கு கூட சிரமமில்லாமல் போகும். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். முதல் மாதம் குழைந்த உணவு தேவைப்பட்டது, கொடுத்தோம். ஐந்தாம் மாதமும் மூன்று வேளையும் அதுவே ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்கு ரசம் சாதம் இருக்கட்டும்.

முறுக்கும் இதே தந்திரம்தான் செய்கிறது, இன்னும் கெட்டிக்காரத்தனமாக. வாயில் மொறுமொறு என்று இருக்கிறது, கெட்டி உணவு போலத் தெரிகிறது. நன்றாக மென்று, கூடவே சூடாகக் காபியும் ஒரு வாய் விட்டால் அது மாவுக் கரைசலாகிக் குழாயில் நிற்காமல் இறங்கிவிடும். வயிறு எதிர்ப்பே சொல்லாது. 100 கிராம் கோழியை ஒரே வேளையில் உங்கள் அம்மாவால் சாப்பிட முடியாது. 100 கிராம் மிக்சரை ஒரு சாயங்காலத்தில், டீவி பார்த்துக்கொண்டே, முடித்துவிட முடியும். அதில் 500 கலோரிக்குக் குறையாது. அவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே இப்போது 900, 1000 கலோரிதான் இருக்கும். பிஸ்கட்டைக் காபியில் தோய்ப்பது, ஐஸ்கிரீம், மில்க் ஷேக், ஜவ்வரிசி வடாம், கடலைமிட்டாய், சிப்ஸ் எல்லாம் இதே சாதி. எடை திரும்ப ஏறி என்னிடம் வருகிறவர்களில் விருந்துச் சாப்பாட்டால் ஏறியவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கொறிப்பதால்.

ஒருவர் வந்தார், ஜவுளிக் கடை வைத்திருப்பவர். எடை குறைக்கச் செய்யும் இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்து மூன்று வருஷம். 38 கிலோ குறைந்தவருக்கு 14 கிலோ திரும்பியிருந்தது. மூன்று வேளையும் அளவாகத்தான் சாப்பிடுகிறேன், சத்தியமாக, என்றார். அவர் மனைவியும் தலையாட்டினார். பொய் இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் மரவள்ளிச் சிப்ஸ் இருந்தது. கடைக்கு யார் வந்தாலும் நீட்டுவார், அவரும் இரண்டு எடுத்துக்கொள்வார். அதை அவர் சாப்பாடு என்று எண்ணவே இல்லை. டப்பாவைக் கடையின் பின்பக்க அலமாரிக்கு மாற்றச் சொன்னேன். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் 4 கிலோ இறங்கியது.

அதனால் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். நாளுக்கு ஐந்து முறை, நேரம் குறித்து. அதற்கு இடையில் தண்ணீர், மோர் தவிர எதுவும் இல்லை. காபி குடிக்கட்டும், ஆனால் காபி தனியாக, சுண்டல் அரை மணி முன்னால் தனியாக. முறுக்கு டப்பா அடுக்களை மேடையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் வேறு யாராவது எடுத்துக்கொடுங்கள். அம்மா எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

இங்கே இன்னொரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் சமைப்பது யார்? அம்மாதான் என்றால், ஆபரேஷனுக்கு முன்னால் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில், பாதி நாள் நின்றுகொண்டே. குக்கரின் அடியில் இருக்கும் சாதத்தை வீணாக்கக் கூடாது என்று மோர் விட்டு அதையும் முடித்து. உப்பு பார்க்க ஒரு வாய், புளிப்பு பார்க்க ஒரு வாய். பேரன் தட்டில் மிச்சம் வைத்த தோசை ஓரமும் அவருக்குத்தான். பல அம்மாக்களின் உடம்பில் ஏறியிருப்பது அந்த வீட்டின் மிச்சம் என்று எனக்குத் தோன்றும். ஆபரேஷன் வயிற்றைத்தான் மாற்றியிருக்கிறது, வீட்டின் வழக்கத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். அவருடைய ஆழாக்கு அளவை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அவர் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறட்டும். இல்லை, நீங்கள் பரிமாறுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜ் இருக்கிறது, காக்கா இருக்கிறது.

விரதம் இருப்பவரா? சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை ஒருபொழுது என்று நாள் முழுக்கப் பட்டினி கிடந்து இரவில் ஒரே தடவையாகச் சாப்பிடுவது முதல் ஒரு வருஷம் வேண்டவே வேண்டாம். புரோட்டீனும் போகாது, அவசரப் பசியில் வேகமும் கூடும். பால், மோர், பழம் என்று நேரத்துக்கு எடுத்துக்கொண்டு விரதம் இருக்கலாம் என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இனிப்பு சாப்பிட்டால் சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வருவது. டம்பிங் என்போம். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரலாம். சாப்பிட்டு அரை மணிக்குள் வந்தால் ஒரு வகை. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து கை நடுக்கமும் கண் இருட்டலுமாக வந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு தடாலென்று இறங்கியிருக்கிறது. அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ போய்க்கொண்டிருக்கக் கூடாது. சாப்பாடு இவ்வளவு குறைந்த பிறகு அது ஆபத்து. டாக்டர் அளவை மாற்றித் தந்தாரா என்று இன்றே பாருங்கள்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. "எடைதான் குறைந்துவிட்டதே" என்று ஆறாம் மாதம் நிறுத்துகிறவர்கள் நிறைய. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் இந்தச் சின்ன அளவுச் சாப்பாட்டில் கிடைக்க வழியே இல்லை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபியோடு இரும்பு மாத்திரை போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது. முடி கொத்தாகக் கொட்டுகிறது என்று அம்மா இப்போது சொல்லிக்கொண்டிருக்கலாம். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டுவது வழக்கம், புரோட்டீனும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதில் புண் வரும் ஆபத்து நிஜமாகவே அதிகம், ஸ்லீவ் என்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான். இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வரி: இந்த ஆபரேஷன்களுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், பழைய அளவு பழைய அளவாக இருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாந்தி எப்போதாவது, காரணம் தெரிந்து வந்தால் பயமில்லை. தினமும் வந்தால், பல நாள் தொடர்ந்தால், வைட்டமின் பி1 உடம்பில் தீர்ந்துபோகும். அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். மூளைக்கு நிரந்தரச் சேதம் கூட ஆகலாம். நம் ஊரில் சோர்வாக இருக்கிறது என்றால் உடனே பக்கத்துக் கிளினிக்கில் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வோம் இல்லையா, அது இங்கே விபரீதமாகும். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சநஞ்ச பி1-உம் தீர்ந்துவிடும். எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் "ஸ்லீவ் ஆபரேஷன் ஆனவர், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார், பி1 ஊசி போட்டுவிட்டு டிரிப் ஏற்றுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். சொந்தக்காரர்களிடம் மறைத்தது போல டாக்டரிடம் மறைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட நிற்கவில்லை என்றாலும், கறுப்பாக மலம் போனாலும், கடுமையான வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்விடுங்கள்.

இனி வளைகாப்பு. கல்யாணப் பந்தியைவிட இது கொஞ்சம் தந்திரமானது. இலையில் வருவது புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம். ஐந்தும் சாதம்! அம்மா எதை எடுத்தாலும் வயிறு சாதத்திலேயே நிறைந்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வீட்டிலேயே இரண்டு முட்டையோ, பனீரோ சாப்பிட்டுவிட்டு வரட்டும். விசேஷ நாளில் முட்டை கூடாது என்றால் கெட்டித் தயிரும் சுண்டலும். பிறகு பந்தியில் பசியோடு உட்கார வேண்டியிருக்காது. ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன், தயிர் சாதத்தில் ஒரு ஸ்பூன். சர்க்கரைப் பொங்கலை நாக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

அவர் பெண்ணுக்குத் தாய், வளையல் போட, சந்தனம் பூச, வந்தவர்களை வரவேற்க என்று நிற்க வேண்டியவர். அது நமக்கு வசதி. முதல் பந்திகளில் உட்காராமல் கடைசிப் பந்தியில் உங்களோடு உட்காரட்டும், அங்கே அவசரப்படுத்த ஆள் இருக்காது. பரிமாறுகிறவரிடம் நீங்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். இலையில் பாதி அப்படியே இருப்பதைப் பார்த்து யாராவது ஒரு அத்தை "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே, சாப்பிடவே மாட்டேங்கிறியே, உடம்பு சரியில்லையா" என்று கேட்பார். "டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடச் சொல்லியிருக்கார் அத்தை" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. அத்தை கையில் ஒரு லட்டு எடுத்து வாயில் ஊட்ட வந்தால், அதை வாங்கிக் கைக்குட்டையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.